கல்லில் எழுதியதும் ஏட்டில் எழுதியதும்: திருக்காவலூர் நினைவுச் சின்னங்கள்

நடுகல் நாட்டுவதில் நம் மாவட்டத்தாருக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1965இல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை, தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த நிலப்பரப்புகளுள் ஒன்று சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. ஆநிரை மீட்கையில் பட்டவனுக்கும், புலியோடு பொருது வீழ்ந்தவனுக்கும், சில இடங்களில் உடையவனுக்காக உயிர் விட்ட நாய்க்குங்கூட, இப்பகுதி மக்கள் கல் எடுத்தனர். அக்கல்லை எவ்வாறு எடுப்பது என்பதற்குத் தொல்காப்பியர் ஆறு துறைகள் வகுத்துள்ளார். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை என்பன ஐந்து, ஆறாவது வாழ்த்தல். கல்லைத் தேர்ந்து, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்த பின்னும் வேலை முடியவில்லை. அதைப் பாடினால்தான் முடியும். சொல் சேராத கல் நினைவுச் சின்னம் ஆகாது என்பது நம் முன்னோர் கொண்ட முடிபு போலும்.

இதை இங்கு நினைவூட்டக் காரணம் உண்டு. நம் வட்டத்தில் சில ஆண்டுகளாக ஒரு கருத்து அவ்வப்போது எழுகின்றது. 1623இல் சேலத்துக்கு வந்து தங்கிய தத்துவபோதகர் எனும் இராபர்ட் தெ நொபிலியின் பெயரால் ஒரு நினைவுக்கல் எழுப்ப வேண்டும் என்பது அன்பர் சிலரின் விருப்பம். பத்தாண்டு நிறைவை ஒட்டி அப்பேச்சு மீண்டும் வலுப்பெற்றுள்ளது. கல் எழுப்புவது எளிது. நன்கொடை திரட்டுவதும் நம் பேட்டையில் அரிதன்று. அதில் என்ன எழுதுவது என்பதே கடினமான வினா. விடை தேடுவோர் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஒரு சிற்றூரை ஒருமுறை கண்டு வருதல் நலம். கத்தோலிக்கத் துறவியரால் உருப்பெற்ற ஊர் அது. கல்லும் சிலையும் கதையும் பாட்டும் அங்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் எது உறுதியானது, எது உறுதியற்றது என்று பிரித்துக் காணும் வாய்ப்பு பிற ஊர்களில் இவ்வளவு தெளிவாக அமைவதில்லை.

அவ்வூருக்குப் பெயர் இரண்டு. அரசு ஆவணங்களிலும் பேருந்துப் பலகையிலும் அது ஏலாக்குறிச்சி. அரியலூர் மாவட்டத்துக்கு உட்பட்டது. தமிழ் இலக்கிய வரலாற்றில் அது திருக்காவலூர். ஏலாக்குறிச்சி முன்னரே இருந்த சிற்றூர். திருக்காவலூர் என்பது அங்கு எழுந்த கோயிலையும் குடியிருப்பையும் சுட்டக் கிறித்தவர்கள் இட்ட பெயர். காவல் தரும் ஊர் என்பது அதன் பொருள். அப்பெயர் வெறும் பத்திச் சொல்லன்று. அதற்குள் ஓர் அரசியல் வரலாறு ஒளிந்துள்ளது.

தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலம் அது. சகசி மன்னரின் ஆட்சியில், 1701இல், தஞ்சை நாட்டுக் கிறித்தவர்கள் கடுந்துன்பத்துக்கு உள்ளாயினர். கோயில்கள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் ஊரை விட்டு வெளியேறின. அவர்களுக்குப் புகலாக அமைந்தது ஆற்றின் மறுகரை. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்களின் நிலம். தஞ்சை மன்னரின் கை அங்கு நீளவில்லை. ஆற்றைக் கடந்தால் உயிர் தப்பும் என்ற நிலையில் வந்து சேர்ந்தோருக்கு, வந்து சேர்ந்த இடம் காவலூர் ஆயிற்று. அங்கு வீற்றிருந்த அன்னை அடைக்கல மாதா ஆனாள். இன்று தலப்பயணமாகச் செல்வோர் அடைக்கலம் என்ற சொல்லை ஆன்மிகப் பொருளில் மட்டும் கொள்கின்றனர். ஏதிலியராக வந்தவர்கள் அச்சொல்லை எந்த நடுக்கத்தோடு முதலில் உச்சரித்திருப்பர் என்பதை அவ்வூரில் நிற்கும் எந்தப் பலகையைக் காட்டிலும் அவ்வூர்ப் பெயரே தெளிவாகக் கூறுகின்றது.

இவ்வூரைத் தமிழுலகம் அறியச் செய்தவர் வீரமாமுனிவர். கான்சுடான்சு சோசப் பெசுகி என்பது இயற்பெயர். இத்தாலியில் காசுடில்யோனே என்ற ஊரில் 1680 நவம்பர் 8 அன்று பிறந்து, 1710இல் கோவாவில் இறங்கி, அடுத்த ஆண்டு தமிழகம் சேர்ந்தவர். தைரியநாதர் என்று பெயர் சூடிக்கொண்டவர். அவரே பின்னர் வீரமாமுனிவர் ஆனார். 'மதுரைச் சங்கத்தார்' அப்பெயரை அளித்தனர் என்று சொல்லும் வழக்கம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு மதுரையில் எந்தச் சங்கம் இருந்தது என்று வகுப்பில் கேட்கும் மாணவியர்க்கு இதுவரை எவரும் தக்க விடை கூறியதில்லை.

திருக்காவலூரில் பலரும் முதலிற் காண விரும்புவது நிலக்கொடையைக் கூறும் கல்லையே. அதனோடு சேர்த்து வழங்கும் வரலாறு வருமாறு: அரியலூரை ஆண்ட அரங்கப்ப மழவராயர் இராசபிளவை எனும் கொடிய கட்டியால் வருந்தினார். முனிவர் அன்னையை வேண்டி, அவ்விடத்து மண்ணையும் பச்சிலையையும் குழைத்து இட்டார். கட்டி நீங்கிற்று. மன்னர் மகிழ்ந்து கோயிலுக்கு நிலம் அளித்தார். மண் எடுத்த இடம் மாதா குளமாகப் போற்றப்படுகின்றது.

இதனைக் கேட்டவுடன் நம்புவோரும் உளர், நகைப்போரும் உளர். இலக்கியம் பயின்றோர் செய்யத்தக்கது இரண்டுமன்று. இக்கூற்றில் இரு வேறு செய்திகள் பிணைந்துள்ளன என்பதைக் காண வேண்டும். நோய் நீங்கிய செய்தி வாய்மொழி. நில உரிமை மாறிய செய்தி ஆவணம். நிலத்தைப் பற்றிய கல்லின் மொழி எப்போதும் வறண்ட மொழி. எல்லை எது, கொடுத்தவர் யார், பெற்றவர் யார், அழிப்பவர் அடையும் பாவம் எது என்ற அளவில் அது நின்றுவிடும். சிவன் கோயிலாயினும் பள்ளிவாசலாயினும் மாதா கோயிலாயினும் பாளையக்காரர் அலுவலகத்து எழுத்தர்க்கு நடை ஒன்றே. அதனாலேயே அத்தகைய கற்கள் நம்பத்தக்கன. புகழ வேண்டும் என்ற நோக்கம் அவற்றுக்கு இல்லை. பின்னாளில் எவரும் வழக்காடாதிருக்க வேண்டும் என்ற கவலை மட்டுமே உண்டு. வேற்று நாட்டுத் துறவி ஒருவர் நாடிய ஏதிலியர் ஊருக்கு வேறு சமய மரபில் வந்த ஒரு பாளையக்காரர் நிலம் விட்டார் என்பதே வியப்புக்குரியது. கட்டி ஆறியதா என்பதைவிட அது பெரிய செய்தி என்பது என் கருத்து.

இனிச் சொல்லுக்கு வருவோம். முனிவர் அன்னைக்கு எடுத்த நூல்களுள் திருக்காவலூர்க் கலம்பகம் ஒன்று. கலம்பகம் என்ற சிற்றிலக்கியத்தை அவர் ஏன் தேர்ந்தார் என்று கவிஞர்களாகிய வட்டத்து அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பதினெட்டு உறுப்புகள் விரவ, பலவகைப் பாவும் பாவினமும் கலந்து வரும் அந்நூல் வகையில் தலைவனோ தலைவியோ மட்டும் இருந்தால் போதாது, ஊர் வேண்டும். பிள்ளைப்பெருமாள் ஐயங்கார்க்குத் திருவரங்கம், குமரகுருபரர்க்கு மதுரை. ஊரின்றிக் கலம்பகம் இல்லை. பழம்பெருமையும் கோபுரமும் தேரோடும் வீதியும் உடைய ஊர்களுக்கே அதுவரை அச்சிறப்புக் கிடைத்தது. அதே கொள்ளிடத்தின் கரையில், அரங்கத்துக்குக் கிழக்கே, அஞ்சி ஓடி வந்தோர் குடிசை போட்ட ஓர் ஊரை எடுத்து, அரங்கத்தோடும் ஆலவாயோடும் ஒரே வரிசையில் அமர்த்திவிட்டார் முனிவர். 'திரு' என்ற அடைமொழியும் அவ்வாறு வந்ததே. அரசனின் கல் அவ்வூர்க்கு நிலம் தந்தது. கலம்பகம் அதனைத் தமிழ்த் தலமாக்கிற்று. நடுகல்லின் ஆறாம் துறை என்று தொடக்கத்தில் குறித்தேனே, அவ்வாழ்த்தல் இங்கு நிகழ்ந்தது.

அன்னை அழுங்கல் அந்தாதி, அடைக்கல நாயகி மேல் வெண்கலிப்பா முதலியனவும் அன்னையைப் பாடுவன. அன்னை அழுங்கல் அந்தாதி மகனை இழந்த தாயின் அழுகையைப் பேசுவது. கித்தேரி அம்மாள் அம்மானை வேறு வகை. மகளிர் அம்மானைக் காய் எறிந்து விளையாடுகையில் பாடும் பாட்டின் வடிவை எடுத்து, ஐரோப்பியக் கன்னித் துறவி ஒருத்தியின் உயிர்த்தியாகத்தை அதில் அமைத்தார். தேம்பாவணிக்கு உரையும் ஆய்வும் எழுதப்பட்ட அளவுக்கு அம்மானைக்கு எழுதப்படவில்லை. பெண்கள் வாயில் வழங்கும் நூல்களைப் புலவர் உலகம் எப்போதும் அடுக்களைப் பக்கம் ஒதுக்கியே வைத்துள்ளது. இதற்குச் சமய வேறுபாடு இல்லை.

தேம்பாவணி 1726இல் நிறைவுற்றதாகக் கொள்ளப்படும் நூல். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 விருத்தம். அதனை விருத்தாசலத்தை அடுத்த கோனான்குப்பத்துப் பெரியநாயகி கோயிலோடு இணைத்துப் பேசுவது மரபு. அக்கோயிலும் முனிவர் எழுப்பியதே. அங்குள்ள அன்னை தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் நிற்கின்றாள். ஒரு புலவர்க்கு இரு ஊர்கள் உரிமை பாராட்டுவது நமக்குப் புதிதன்று. அவ்வாறு உரிமை பாராட்டப்படாத புலவரே இரங்கத்தக்கவர்.

சிக்கல் தொடங்குவது முனிவரின் வாழ்க்கையை எழுதும்போதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னைப் புனித சார்சு கோட்டைக் கல்லூரியோடு தொடர்புடைய எல்லிசு துரை, முனிவரின் ஏடுகளைத் தேடித் தொகுக்கும் பணியை முத்துசாமிப் பிள்ளையிடம் ஒப்படைத்தார். புதுச்சேரியைச் சேர்ந்த அவர் ஊர் ஊராகச் சென்று ஏடு திரட்டினார், கேட்டவற்றையெல்லாம் குறித்துக்கொண்டார். 1822இல் தமிழிலும், 1840இல் ஆங்கிலத்திலும் முனிவரின் வரலாறு வெளிவந்தது அவரால்தான். ஒரு தமிழ்ப் புலவரின் வாழ்க்கையை ஏடு தேடியும் ஊராரைக் கேட்டும் எழுதிய முதல் முயற்சிகளுள் அது ஒன்று. அவர் தேடியிராவிட்டால் நாம் இன்று வாசிக்கும் நூல்களுள் சில செல்லுக்கு இரையாகியிருக்கும்.

ஆயினும் முனிவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழிந்த பின் கேட்ட செய்திகள் அவை. சந்தா சாகிபைக் காண்பதற்காக முனிவர் சில திங்களில் பாரசீகமும் உருதுவும் கற்றார். நவாபு அவரைத் திவானாக்கினார். ஊர்களை மானியமாகத் தந்தார். பல்லக்கும் பரிவாரமும் சூழ அவர் சென்றார் என்பன அவ்வரலாற்றில் இடம்பெற்றன. 1918இல் பெசு என்ற இயேசு சபைத் துறவி திருச்சியிலிருந்து வெளியிட்ட நூல் சபையின் கடிதங்களையும் ஆண்டுக் குறிப்புகளையும் கொண்டு இவற்றை உரசிப் பார்த்தது. திவான் பதவி அவ்வுரைகல்லில் நிற்கவில்லை. முனிவர் மறைந்த இடமும் அவ்வாறே. 1742இல் மணப்பாட்டில் இறந்தார் என்பது முத்துசாமிப் பிள்ளை தந்த செய்தி. 1747 பிப்ரவரி 4 அன்று சேரநாட்டு அம்பழக்காட்டில் இறந்தார் என்பது சபைக் குறிப்புகளால் தெளியப்படுவது. அருளானந்தர் எனும் சான் தெ பிரிட்டோ ஓரியூரில் தலை வெட்டுண்டதும் ஒரு பிப்ரவரி 4 அன்றே, ஆண்டு 1693. தேதி ஒத்தது தற்செயலே. ஆனால் இத்தகைய ஒற்றுமையைக் கண்டால் வாய்மொழி சும்மா விடாது. இன்னும் நூறாண்டில் இருவரையும் அது ஒருவராக்கிவிடவும் கூடும்.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று. முத்துசாமிப் பிள்ளையின் கூற்றைத் திருத்த ஒரு நூல் போதுமானதாயிற்று. அதையே ஒரு மன்றத்தார் அன்று கல்லில் வெட்டி மணப்பாட்டுக் கடற்கரையில் நட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? கல்லை எவரும் திருத்துவதில்லை. 'கல்வெட்டே சொல்கிறது' என்று பின்வருவோர் அதனைச் சான்றாகக் காட்டுவர். ஏட்டுப் பிழைக்கு அடுத்த பதிப்பு உண்டு. கல்லுக்குப் பதிப்பு ஒன்றே. கல்லின் பெருமையாக நாம் கூறும் நிலைபேறே அதன் குறையும் ஆகின்றது. 1968இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாக் கடற்கரையில் எழுப்பிய சிலைகளுள் முனிவர் சிலையும் ஒன்று. தலைப்பாகையும் நீண்ட அங்கியுமாக அங்கு நிற்கும் வடிவம் வழிவழி வந்த படங்களைத் தழுவியது. கால்டுவெல், போப்பு ஆகியோர்க்கும் அவ்வரிசையில் இடம் கிடைத்ததை நாம் போற்றுகின்றோம். முனிவரைத் தெரியுமா என்று கேட்டால், 'கடற்கரையில் சிலையாக இருக்கிறாரே' என்று சொல்லும் மாணவர் உளர். கலம்பகத்தின் பெயரைச் சொல்வோர் மிகக் குறைவு.

திருக்காவலூரில் முனிவர்க்குக் கல்லறை இல்லை. அம்பழக்காடு என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் நூல் வரலாறு அறிந்தோர்க்கு வேறொரு நினைவும் எழ வேண்டும். அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679இல் அச்சேறிய ஊர் அதுவே. தொகுத்தவர் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1666இல், தொட்டியத்தில் மறைந்துவிட்டார். நாமக்கல் அன்பர்களுக்குத் தொட்டியம் காவிரிக்கு அக்கரை போலப் பக்கத்து ஊர்தான். தம் அகராதியை அச்சில் காணாமல் ஒருவர் கண்மூடியது அங்குத்தான் என்று எத்தனை பேர் அறிவர்? அந்நூலின் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கக் கண்ட தனிநாயக அடிகள் 1966இல் கோலாலம்பூரில் அதனை மறுபதிப்பாக வெளியிட்டார். மூன்று நூற்றாண்டு கடந்து கிடைத்த நினைவுச் சின்னம் அது. ஒரு படி எங்கோ ஓர் அலமாரியில் தப்பியிருந்ததால் கிடைத்தது.

முனிவரின் நினைவுச் சின்னங்களுள் மிகப் பரவலானது எது என்று கேட்டால், கடற்கரைச் சிலை என்றோ திருக்காவலூர்க் கோயில் என்றோ கூறமாட்டேன். ஏலாக்குறிச்சி என்ற பலகையின் முதல் எழுத்து என்பேன்.

தொல்காப்பியர் வகுத்தபடி புள்ளி பெற வேண்டியவை குற்றெழுத்துகளாகிய எகரமும் ஒகரமுமே. புள்ளியின்றி எழுதினால் அவை நெடில். ஓலையில் எழுத்தாணி கொண்டு புள்ளியிட்டால் ஏடு பொத்துப்போகும் என்பதால் எழுதுவோர் புள்ளியைத் தவிர்த்தனர். விளைவு, எரியும் ஏரியும் ஒரே வடிவாயின; கொடுவும் கோடுவும் ஒன்றாயின. இடம் நோக்கிப் படிப்பவர் தாமே உணர்ந்துகொள்ள வேண்டும். தாய்மொழியாகப் பேசுவோர்க்கு அது பெரிய இடரன்று. முப்பது வயதில் தமிழ் கற்கத் தொடங்கிய ஒருவர்க்கு ஒவ்வோர் ஏடும் ஒரு பொறி. எகரத்தின் கீழே கோடு நீட்டி ஏகாரமும், ஒகரத்தின் காலைச் சுழித்து ஓகாரமும், கொம்பின் தலையைச் சுழித்து உயிர்மெய் நெடிலும் ஆக்கும் முறை முனிவரின் பெயரால் வழங்குவது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுக்கூடங்கள் அதனை ஏற்று நிலைநாட்டின. அரசாணை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. 1978இல் தமிழக அரசு பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்துள் ஒரு பகுதியை ஆணையாக்கியபோது எத்தனை வாதங்கள் எழுந்தன என்பதை மூத்த அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முனிவரின் கோடும் சுழியும் ஓசையின்றி நுழைந்து, தமிழெழுத்தின் இயல்பே அதுதான் என்று எண்ணும்படி அமர்ந்துவிட்டன.

செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற நம் பேட்டையின் பெயரை எழுதிப் பாருங்கள். முதலில் ஒற்றைக் கொம்பு, பின்னர் இரட்டைச் சுழிக் கொம்பு. இரண்டும் ஒரே வடிவாயின் வெளியூரார் நம்மைச் செவ்வாய்ப்பெட்டை என்று படித்திருக்கவும் கூடும். அப்பொருளை விளக்க வேண்டா. சேலம் என்று எழுதும்போதும் அச்சுழியே நம்மைக் காக்கின்றது. திருக்காவலூருக்குப் போகாதவரும், மெரினாவைக் காணாதவரும், தேம்பாவணியைத் தொடாதவரும் நாள்தோறும் தம் கையால் இந்நினைவுச் சின்னத்தை எழுப்பிக்கொண்டிருக்கின்றனர்.

இனி நம் நினைவுக்கல்லைப் பற்றி. தத்துவபோதகர் 1577இல் பிறந்து, 1606இல் மதுரைக்கு வந்து, 1656இல் மயிலையில் மறைந்தவர். காவியும் பூணூலும் குடுமியுமாக அவர் வாழ்ந்த முறை திருச்சபைக்குள் பெரும்பூசலை எழுப்பிற்று. 1619இல் கோவாவில் கூடிய அவையில் அவர் தம் முறைக்காக வாதாட நேர்ந்தது. வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623 சனவரி 31 அன்று பதினைந்தாம் கிரகோரி என்ற திருத்தந்தை அவர்க்கு இசைவாகத் தீர்ப்பளித்தார். அதே 1623இல், ஆண்டின் நடுவில், அவர் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டார். அக்காலக் கப்பல்கள் ஐரோப்பாவிலிருந்து வர அரையாண்டுக்கு மேல் ஆகும். ஆகவே, தாம் வென்றதை அறியாமலே, தோற்றிருக்கவும் கூடும் என்ற ஐயத்தோடு, அவர் நம் மண்ணில் நடந்திருக்க வேண்டும். சேந்தமங்கலத்து இராமச்சந்திர நாயக்கர் அவரை நன்கு வரவேற்றார். சேலத்தில் நிலை வேறு. ஊருக்குள் வீடு கிடைக்கவில்லை. காற்றும் மழையும் புகும் திறந்த சாவடியில் நாற்பது நாள் போலக் கிடந்து நோயுற்றார் என்பது அவர் கடிதங்களைக் கொண்டு எழுதப்பட்ட வரலாறுகள் கூறும் செய்தி. பின்னரே சேலத்தை ஆண்ட செல்லப்பட்டி நாயக்கரின் நட்புக் கிட்டியது. ஆட்சியை இழந்திருந்த அந்நாயக்கரின் தமையன் திருமங்கல நாயக்கர் 1625இல் கிறித்தவரானார்.

கல்லில் எழுத இதில் எதனைத் தேர்வது? 'சேலம் அன்புடன் வரவேற்றது' என்று எழுதினால் அது பொய். நாற்பது நாள் இடம் தராத ஊர் நம் ஊர் என்று எழுத நன்கொடையாளர் ஒப்புவரா? 'தமிழ் உரைநடையின் தந்தை' என்று எழுதலாம் என்பர் சிலர். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூசணத் திக்காரம் ஆகியவற்றைத் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வாயிலாக இராசமாணிக்கம் அடிகள் பதிப்பித்தார். அந்நூல்களைப் படித்த பின்னும் அவ்வாறு எழுத முற்படுவோர் இறையனார் களவியல் உரைகாரரை எங்கு நிறுத்துவர் என்று கேட்க விரும்புகின்றேன். பட்டங்கள் கல்லில் விரைவாக மங்கும் எழுத்துகள்.

கல் சொல்லாமல் விடுவதையும் எண்ண வேண்டும். உயர்குலத்தாரை நாடிச் சென்ற தத்துவபோதகரின் முறை, ஏனையோர்க்குத் தனிப் போதகர் வேண்டும் என்ற நிலையை உண்டாக்கிற்று. 1640இல் பல்தசார் தா கோசுதா முதல் பண்டாரசாமியாகப் பணி ஏற்றது அதனால்தான். சமய வாழ்வில் சாதியை உடன்கொண்டு செல்லும் அவ்வழி நெடுந்தொலைவு சென்றது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயில் ஒரு பீடத்தை நோக்கி இரு கூடங்களாகப் பிரிந்திருந்தது. நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. இதற்கெல்லாம் அவரொருவரே பொறுப்பு என்பது நேர்மையான தீர்ப்பாகாது. எனினும் அவர் பெயரைக் கல்லில் வெட்டுவோர் அச்சுவரையும் அறிந்திருக்க வேண்டும்.

எனவே என் பரிந்துரை மிகச் சிறியது. கல் வைப்பதாயின் திருக்காவலூர் நிலக்கல்லைப் போன்ற வறண்ட மொழியில் வைப்போம். பெயர், ஆண்டு, ஊர், நாற்பது நாள் சாவடி: நான்கு வரி. பெயரைத் தத்துவபோதகர் என்றே பொறிக்கலாம். அவர் விரும்பி ஏற்ற பெயர் அது. பட்டமும் பாராட்டும் வேண்டா. மிகும் பணத்தில் ஞானோபதேசத்தையும் திருக்காவலூர்க் கலம்பகத்தையும் வாங்கி, செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றியுள்ள பள்ளி நூலகங்களுக்கு வழங்கலாம். வாழ்த்துப் பகுதியை எழுத நம் வட்டத்தில் கவிஞர்கள் இருக்கின்றனர். அதை அவர்கள் அடுத்த கூட்டத்துக்குத் தாளில் எழுதி வரட்டும். பிழை இருந்தால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம்.